பாப்பாவுக்குக் கண்ணகினு பேரு வைக்கலாமுங்களா? அடிக்கடி கேக்கற கேள்விகள்

எங்க பொண்ணு பேரு கண்ணகி. பெருந்துறைப் பக்கம் இருக்கோம். பேரு வச்ச நாள்ல இருந்து சொந்தபந்தம், கூட வேலை செய்யறவங்க, கல்யாண வீட்டுப் பந்தில பக்கத்து எலைல உக்காந்தவங்கனு ஆளாளுக்குக் கேக்கறாங்க. பாதிப்பேரு "ஏங்கண்ணு, வேற பேரே கெடைக்கலயா"னு வெசனப்பட்டுக் கேக்கறவங்க, மீதிப்பேரு தாங்களும் இப்படி ஒரு பேரை மனசுல வச்சுக்கிட்டு வீட்டுல வாய் தொறக்க முடியாம முழிக்கறவங்க. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸப்புல வாய்ஸ் மெசேஜ் போட்டு மாளல, அதான் எல்லாத்தையும் ஒட்டுக்கா எழுதிட்டேன். இதுல ஜோசியத்தைத் திட்டற வேலையெல்லாம் இல்லீங்க, எங்க வீட்டுலயே பாதிப்பேரு நாள் பாக்காம பைக் டெலிவரி எடுக்க மாட்டாங்க.

கண்ணகிங்கற பேருல அப்படி என்னதான் ஆகாதுங்கறாங்க?

மூணு சொல்வாங்க. கட்டுன புருஷனைப் பறிகொடுத்தவ பேரு, வச்சா தாலி தங்காது. கொழந்தை குட்டி இல்லாதவ பேரு, வம்சம் வெளங்காது. ஊரையே எரிச்சவ பேரு, பொண்ணு அடங்காது. மொத ரெண்டையும் யாரும் நேராச் சொல்ல மாட்டாங்க, "எதுக்குங்க வம்பு, வேற நல்ல பேராப் பாருங்க"னு சுத்தி வளைச்சுட்டுப் போயிருவாங்க. மூணாவதை மட்டும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க.

கதைல பாருங்க, பொய் சொன்னவன் பொற்கொல்லன், விசாரிக்காமக் கொல்லச் சொன்னவன் பாண்டியன், ஊட்டை உட்டுட்டுப் போனவன் கோவலன். கடைசில பேரு கெட்டது மட்டும் சபைல போயி நாயம் கேட்ட பொம்பளைக்கு. அவ மதுரைய எரிச்சப்பக்கூட தீகிட்ட ஆளைச் சொல்லித்தான் அனுப்பறா. கொழந்தைங்க, வயசானவங்க, பத்தினிப் பொம்பளைங்க, பசு, அறவோர், பார்ப்பார் இவங்களை உட்டுரு, கெட்டவன் பக்கம் மட்டும் போங்கறா. கொழந்தைய விட்டுரச் சொன்னவ பேரைக் கொழந்தைக்கு வச்சா கெடுதல் வரும்னா அது என்ன கணக்குனு எனக்குப் புரியல.

இது பட்டிக்காட்டுப் பயம்னும் நெனச்சுராதீங்க. 1968 உலகத் தமிழ் மாநாட்டப்ப மெரினா பீச்சுல வச்ச கண்ணகி சிலைய 2001 டிசம்பர்ல எடுத்தாங்க. லாரி மோதிருச்சு, டிராபிக்குக்கு எடஞ்சல்னு காரணம் சொன்னாங்க, ஆனா மெட்ராஸ் முழுக்க வாஸ்துனுதான் பேச்சு. 2006 ஜூன்ல திரும்பவும் வச்சாங்க. படிச்சவங்க நெறைஞ்ச பட்டணத்துலயே அந்தப் பேச்சு அத்தனை சுளுவா ஓடுச்சுனா, எங்க அத்தை கவலைப்பட்டதுல என்ன தப்பு. (மாமியாரைத்தான் அத்தைங்கறேன், கீழயும் அப்படியே படிச்சுக்குங்க.)

அது மதுரைக் கதையாச்சே, கொங்கு நாட்டுக்காரங்களுக்கு அவ பேரு எதுக்கு?

இதுதாங்க எனக்குப் பிடிச்ச கேள்வி. சிலப்பதிகாரத்தோட ஆரம்பத்துல உரைபெறு கட்டுரைனு ஒரு சின்னப் பகுதி வரும். கண்ணகி போனதுக்கப்பறம் பாண்டிய நாட்டுல மழை பொய்ச்சு, பஞ்சம் வந்து, காய்ச்சலும் கொப்புளமும் போட்டு சனங்க அல்லாடுனாங்கனும், கொற்கைல இருந்த வெற்றிவேற்செழியன் அவளுக்குச் சாந்தி பண்ணதும்தான் மழை பேஞ்சுதுனும் அதுல இருக்கு. (அந்தச் சாந்திக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலி குடுத்தான்னும் இருக்கு, அதைப் பாப்பாவுக்கு இப்போதைக்குச் சொல்றதா இல்ல.) அதைக் கேள்விப்பட்டு அடுத்தாப்பல தங்களோட நாட்டுல அவளுக்கு விழா எடுத்தது யாருங்கறீங்க, நம்ம கொங்கு நாட்டு ஆளுங்களான கொங்கிளங்கோசர். இலங்கைல கயவாகு, சோழன் பெருங்கிள்ளி எல்லாம் அதுக்குப் பொறவுதான் வர்றாங்க. கொங்குல விழா எடுத்ததுக்கப்பறம் மழை தப்பவே இல்லைனு எழுதி வச்சிருக்காங்க.

நம்ம ஊரு மலை மறைவுல கெடக்கற ஊரு. மேகம் கேரளாப் பக்கமே கொட்டித் தீத்துட்டு நமக்குக் காத்தை மட்டும் அனுப்பும். கீழ்பவானி வாய்க்கால்ல எப்பத் தண்ணி உடுவாங்கனு ஆடி ஆவணில பேப்பரப் பாத்துட்டு உக்காந்திருக்கற சனங்க நாம. அப்படிப்பட்ட நாட்டுல மழை வேணும்னு கும்பிட்ட ஒருத்தி பேரு எப்படிங்க ஆகாத பேராச்சு? சிலப்பதிகாரத்துக்குப் பெரிய உரை எழுதுன அடியார்க்குநல்லாரும் நிரம்பைங்கற ஊர்க்காரர், கொங்கு நாட்டு ஆளுனுதான் சொல்றாங்க. உரைய எழுதுனவர் நம்மாளு, விழா எடுத்தவங்க நம்மாளுங்க, பேரு வைக்கறதுக்கு மட்டும் பயம்.

அப்பறம் இன்னொண்ணு. நோவைக் குடுக்கறவளும் எடுக்கறவளும் ஒருத்தியேனு பயந்து கும்படறது நமக்குப் புதுசா என்ன? கோயமுத்தூர்ல பிளேக் மாரியம்மன்னே கோயில் இருக்கு, போன நூத்தாண்டுல பிளேக் வந்து ஊரு காலியானப்ப கும்பிட்ட சாமி. அம்மை போட்டா "ஆத்தா வந்திருக்கா"னு சொல்ற ஊருல மாரியம்மா, மாரப்பன், மாராத்தாள்னு வீட்டுக்கு ஒரு பேரு இருக்கு, யாரும் பயப்படல.

வேற எங்கயாச்சும் கண்ணகிய நல்லபடியாக் கும்படறாங்களா?

பாலக்காட்டுக் கணவாயத் தாண்டிப் போங்க, அவ பகவதி. கொடுங்கல்லூர் பகவதிய கண்ணகியோடதான் சேத்துச் சொல்றாங்க, திருவனந்தபுரத்துல ஆற்றுக்கால் பொங்காலைக்கு லட்சக்கணக்குல பொம்பளைங்க ரோட்டுல அடுப்பு வச்சுப் பொங்க வைக்கறாங்களே, அந்த அம்மனும் கண்ணகிதான்னு சொல்லித்தான் கும்படறாங்க. தேனி மாவட்டத்து எல்லை மலைல மங்கலதேவி கோயில் சித்ரா பௌர்ணமி ஒரு நாளைக்கு மட்டும் தொறக்கும். மட்டக்களப்புப் பக்கம் வைகாசில கண்ணகியம்மன் சடங்குனா ஊரே கூடும், சிங்களவங்க பத்தினித் தெய்வோம்பாங்க. இத்தனை பேரு கும்படற பேரு ஈரோட்டுல மட்டும் ராசியில்லாத பேரு.

அதும் முழுசா உண்மையில்ல. 1960, 70கள்ல இங்கயே கண்ணகி, மணிமேகலை, மாதவினு நெறையப் பேரு வச்சாங்க, தமிழ்ப் பேரா வைக்கோணும்னு இருந்த காலம் அது. உங்க ஊருலயும் ஒரு கண்ணகி டீச்சரோ கண்ணகி நர்ஸோ இருந்திருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க. அவங்கெல்லாம் பேரன் பேத்தி எடுத்து நல்லாத்தான் இருக்காங்க. (மாதவிய மட்டும் எப்படி ஒத்துக்கிட்டாங்கனு எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்.)

வேற எந்தப் பேருக்கெல்லாம் இந்த மாதிரிச் சொல்றாங்க?

பெரிய லிஸ்ட்டுங்க. அபிமன்யு வைக்காதீங்க, சின்ன வயசுல செத்தவன். சீதா வைக்காதீங்க, காட்டுலயே கஷ்டப்பட்டவ. கர்ணன் வைக்காதீங்க, பெத்தவளே ஆத்துல உட்டவன். நல்லதங்காள் பேரைச் சொன்னாலே வீட்டுல இருக்கற கெழவிங்க காதைப் பொத்திக்குவாங்க, ஏழு கொழந்தைங்களைக் கெணத்துல போட்டுட்டுத் தானும் விழுந்தவ. பேருலயே நல்லதும் இருக்கு தங்கமும் இருக்கு, ஆனா தாராபுரம் பக்கம் ஒரு ஓடை அணைக்கு அந்தப் பேரு இருக்கே ஒழிய புள்ளைக்கு வைக்க ஆளில்ல.

இதுல ஒரு நாயமே கெடையாது. தீரன்னு இப்ப கொங்குல தெருவுக்கு ஒரு பையன் இருக்கான். தீரன் சின்னமலை 1756ல பொறந்து 1805ல சங்ககிரிக் கோட்டைல வெள்ளைக்காரன் தூக்குல போட்டுச் செத்தவர், கூடப் பொறந்தவங்களுக்கும் அதே கதிதான். வருசா வருசம் ஆடிப்பெருக்கன்னிக்கு மாலை போடறோம். அந்தப் பேரை வைக்கறப்ப "ஐயோ தூக்குல போனவர் பேரு"னு ஒருத்தராச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? பொன்னர் சங்கரும் படுகளத்துல மாண்டவங்கதான், விடிய விடிய உடுக்கடிச்சு அந்தக் கதையக் கேட்டு அழுதுட்டு, காலைல எந்திரிச்சு வந்து பையனுக்குச் சங்கர்னு பேரு வைக்கறோம். ஆம்பளை செத்தா அது வீரம், பொம்பளை கஷ்டப்பட்டா அது ராசி. எங்க வீட்டுல நான் இதைச் சொன்னப்பத்தான் எங்க மாமா (அத்தை வீட்டுக்காரர்) மொத மொத பேப்பரைக் கீழ வச்சாரு.

பழைய காலத்துல குப்புசாமி, பிச்சைனு வச்சாங்களே, அவங்களுக்குப் பேருல நம்பிக்கை இல்லையா?

இருந்ததுனாலதான் வச்சாங்க. வரிசையா ரெண்டு மூணு கொழந்தை தவறிட்டா, அடுத்துப் பொறந்ததைக் குப்பை மேட்டுல போட்டு உருட்டி எடுப்பாங்க, "இது எங்க புள்ளை இல்ல, குப்பைல கெடந்தது"னு எமனை ஏமாத்தறதுக்கு. அதுக்குப் பேரு குப்பன், குப்புசாமி, குப்பாத்தாள், குப்பம்மாள். தவுட்டை வாங்கிட்டுப் புள்ளையப் பக்கத்து வீட்டுக்கு வித்து, பொறவு திருப்பி வாங்குனா தவுடன், தவுட்டம்மா. சாமிகிட்ட மடியேந்தி வாங்குனது பிச்சை. மூக்குக் குத்தி விட்டது மூக்கன். நல்லா இருக்கற பொருள்மேலதான கண்ணு படும், அதனால பேரை அழுக்காக்கி வச்சிட்டாங்க, கன்னத்துல மைப்பொட்டு வைக்கற மாதிரி.

அன்னிக்கு அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்துச்சு. 1971லகூட இந்தியால பொறக்கற ஆயிரம் கொழந்தைங்கள்ல 129 மொத வருசம் தாண்டல. 2020 கணக்குல தமிழ்நாட்டுல அது 13. நடுவுல வந்ததெல்லாம் தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், நல்ல தண்ணி, கிராமத்து நர்ஸம்மா. பெரியம்மை 1980ல ஒலகத்துலயே இல்லைனு அறிவிச்சுட்டாங்க. ஆனா அன்னிக்கு அந்தத் தாய்க்கு இதுல ஒண்ணும் இல்ல, கைல இருந்தது ஒரு பேரு மட்டும்தான், அதை வச்சு எமனோட சண்டை போட்டா. எங்க அம்மிச்சி (அம்மாவோட அம்மா) பேரு குப்பாத்தாள். அவங்களுக்கு முன்னால பொறந்ததுல ஒண்ணும் தங்கல. அந்தப் பேரை ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்கனு மாத்துனவங்க இருக்காங்க, தப்பில்ல, ஆனா அது கேவலமான பேருனு மட்டும் சொல்லாதீங்க, ஆசை ஆசையா வச்ச பேருங்க அது. சுந்தர் பிச்சை 2015ல கூகுளுக்குத் தலைமை அதிகாரி ஆனப்பறம் அந்தப் பேரைக் கேட்டு யாரும் சிரிக்கறதில்ல, அது வேற கதை.

ஆனா "போதும்பொண்ணு", "வேண்டாம்"னு வச்சாங்களே, அதை இதோட சேக்காதீங்க. ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஒண்ணு இல்ல. குப்பாத்தாள்ங்கறது புள்ளை வேணும்னு வச்ச பேரு, வேண்டாம்ங்கறது பேருலயே எழுதியிருக்கு. திருத்தணிப் பக்கம் நாராயணபுரத்துல அப்படிப் பேரு வச்ச பொண்ணு ஒண்ணு இன்ஜினியரிங் படிச்சு ஜப்பான் கம்பெனில வேலை வாங்குனது 2019ல பேப்பர்ல வந்துச்சு, கலெக்டர் கூப்பிட்டுப் பாராட்டுனாரு. சந்தோசம்தான். ஆனா ஹாஜர் எடுக்கறப்ப தெனமும் அந்தப் பொண்ணு அந்தப் பேரைக் கேட்டு எந்திரிச்சு நின்னிருக்கும்ல. 1992ல தொட்டில் குழந்தைத் திட்டத்தை நம்ம சேலத்துல ஆரம்பிக்க வேண்டி வந்துச்சுங்கறதையும் கொங்குக்காரங்க மறக்க வேண்டாம்.

வீட்டுல தவறிப்போனவங்க பேரை வைக்கலாமுங்களா?

தாத்தா பாட்டி பேருனா அது வழக்கமே. மூத்த பையனுக்கு அப்பாரு (அப்பாவோட அப்பா) பேரு வைக்கறதுதான இங்க மொறை. என்ன, மருமக மாமனார் பேரை வாயால சொல்லக் கூடாதுனு இருந்ததுனால அந்தப் பையனை வீட்டுல அப்புனு, சாமி, கண்ணுனுதான் கூப்புடுவாங்க, பள்ளிக்கூடத்துல சேக்கறப்பத்தான் அவன் பேரு பழனிசாமினு அவனுக்கே தெரியும்.

சின்ன வயசுல தவறுனவங்க பேருதான் செரமம். இதை மூடநம்பிக்கைனு நான் ஒதுக்க மாட்டேன். எங்க சொந்தத்துல ஒரு வீட்டுல பைக் ஆக்சிடென்ட்ல போன பையன் பேரை அவன் தம்பி, தன் மகனுக்கு வைக்க ஆசைப்பட்டான். ஊரெல்லாம் "ஆயுசு கம்மியான பேரு"னு சொல்லுச்சு, அவன் அதையெல்லாம் காதுல வாங்கல. ஆனா போன பையனைப் பெத்தவ ஒண்ணு சொன்னாங்க, "அந்தப் பேரைச் சொல்லி நான் எப்படிச் சாமி இவனை அதட்டுவேன், சோறு உங்கலைனா எப்படி வைவேன்." அதுக்கு மேல என்ன பேசறது. சர்டிபிகேட்டுல ரெண்டாவது பேரா அதைச் சேத்துட்டு, கூப்பிடறதுக்கு வேற பேரு வச்சுக்கிட்டாங்க. அதனால என் கருத்து, இந்த விஷயத்துல ஜோசியரைக் கேக்காதீங்க, போனவங்களோட அம்மா இருந்தா அவங்களைக் கேளுங்க. அவங்க சரின்னா மத்த யாரு சொல்றதையும் கேக்க வேண்டாம், அவங்க வேண்டாம்னா அதுக்கு மேல வாதாட வேண்டாம்.

நட்சத்திர எழுத்துப் பாக்கலையா?

பாத்தோம். 27 நட்சத்திரம், ஒவ்வொண்ணுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. பாப்பா திருவாதிரை ரெண்டாம் பாதம், எழுத்து க. கண்ணகி அதுவா பொருந்திருச்சு, பாதி வீடு அன்னிக்கே அமைதியாயிருச்சு. இதே மூணாம் பாதத்துல பொறந்திருந்தா எழுத்து ங. ஙல ஆரம்பிச்சு ஒரு பேரு சொல்லுங்க பாக்கலாம். பஞ்சாங்கத்துக்கே தெரியும் அது நடக்காதுனு, அதனாலதான் ஜோசியருங்களே அந்த எடத்துல வேற எழுத்து எடுத்துக்கச் சொல்லிருவாங்க. அப்ப வளையறது மத்த எடத்துலயும் வளையும், கேட்டுப் பாருங்க.

பொண்ணு மூல நட்சத்திரம், நல்ல பேரா வச்சா தோஷம் போகுமா?

பெண் மூலம் நிர்மூலம், மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மச்சாண்டாருக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது. எல்லாம் பொண்ணு எந்த வீட்டுக்குப் போகப்போறாளோ அந்த வீட்டு ஆளுங்களோட பாதுகாப்புக்கு, கவனிச்சீங்களா? பொண்ணுக்கு யாரு ஆகாதுனு ஒரு பழமொழியும் கெடையாது. பேரால அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க, பிடிச்ச பேரை வைங்க.

நியூமராலஜிப்படி பேரு 8ல வருதாம், ஸ்பெல்லிங் மாத்தச் சொல்றாங்க?

அந்தக் கணக்கு முழுக்க இங்கிலீஷ் எழுத்துக்குத்தான். சீரோனு ஒரு ஐரிஷ்காரர், 1936ல செத்துப் போனாரு, அவரு பிரபலமாக்குன அட்டவணைய வச்சுத்தான் இங்க பெரும்பாலும் பாக்கறாங்க. நம்ம புள்ளையத் தமிழ்ல கூப்பிடறப்ப அதுக்கு எட்டும் இல்ல ஒம்போதும் இல்ல. பேருக்கு நடுவுல ரெண்டு ஏ, கடைசில ஒரு எச் போடறது உங்க இஷ்டம், ஆனா பர்த் சர்டிபிகேட்ல ஒரு ஸ்பெல்லிங், ஆதார்ல ஒரு ஸ்பெல்லிங், பாஸ்போர்ட்டுல ஒண்ணுனு ஆயிருச்சுனா அந்தப் புள்ளை ஆயுசுக்கும் அபிடவிட்டோட அலையோணும். சனி புடிக்கறது அப்படித்தான்.

மாமியார் ஒத்துக்கலைனா என்ன பண்றது? நீங்க எப்படி ஒத்துக்க வச்சீங்க?

மொதல்ல சண்டை போடாதீங்க. "அதெல்லாம் மூடநம்பிக்கை"னு ஆரம்பிச்சீங்கனா அன்னியோட முடிஞ்சுது, அப்பறம் அது பேரு பத்துன பேச்சா இருக்காது, மருமக மதிக்கலைங்கற பேச்சாயிரும். யாரு பயப்படறாங்க, எதுக்குப் பயப்படறாங்கனு கேளுங்க. எங்க அத்தைக்குக் கண்ணகி கதையே பிரச்சினை இல்லைனு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அவங்க கூடப் பொறந்தவ ஒருத்தங்க சின்ன வயசுலயே தாலி அறுத்தவங்க, அந்த வீட்டுல வெள்ளச் சீலையோட ஒரு மூலைல இருந்தே காலத்தை ஓட்டுனவங்க. அத்தைக்குக் கண்ணகினா அவங்க மொகம்தான் வருது. சிலப்பதிகாரத்தைப் பத்தி நான் பேசிட்டே இருந்தா அந்த மொகம் போகுமா? அவங்களைப் பத்தி அத்தைய நெறையப் பேச விட்டேன், அவ்வளவுதான் நான் பண்ணது. ரெண்டு மூணு நாள் ராத்திரி பாத்திரம் கழுவிட்டே பேசுனாங்க. அதுக்கப்பறம் எதிர்ப்பு தானாவே கொறைஞ்சுது.

அப்பறம் எங்க வீட்டுக்காரரோட ஆத்தா (பாட்டியத்தான் ஆத்தாங்கறோம்), தொண்ணூறு வயசு ஆகப்போகுது, "சாமிகிட்டப் பூ கேட்டுரலாம்"னு ஒரு வழி சொன்னாங்க. நம்ம பக்கம் தெரிஞ்சதுதான, வெள்ளைப்பூ செவப்புப்பூ ரெண்டையும் தனித்தனிப் பொட்டலமாக் கட்டிச் சாமி முன்னால போட்டுச் சின்னக் கொழந்தைய விட்டு எடுக்கச் சொல்றது. சிவன்மலை முருகன் கோயில்ல, பக்தர் கனவுல வந்த பொருளை ஆண்டவன் உத்தரவுப் பெட்டில வைக்கறதுனாலும் பூ கேட்டுத்தான வைக்கறாங்க. சரினு குலதெய்வம் கோயிலுக்குப் போனோம், நாத்தனார் பையன் எடுத்தான், வெள்ளைப்பூ. அத்தை கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, பேரு முடிவாச்சு. அப்பறமா மிச்சப் பொட்டலத்தை நாத்தனார் பிரிச்சுப் பாத்தா அதுலயும் வெள்ளைப்பூ. பொட்டலம் கட்டுனது ஆத்தா. கேட்டா "எனக்குக் கண்ணு தெரியல கண்ணு"ங்கறாங்க. ஊசில நூல் கோக்கறவங்க.

ஸ்கூல்ல கிண்டல் பண்ண மாட்டாங்களா?

பண்ணுவாங்க. "கோவம் வந்தா பள்ளிக்கூடத்தை எரிச்சிருவியா"ங்கற ஜோக்கை ஆயிரம் தடவை கேப்பா. கிண்டல் பண்ண முடியாத பேருனு ஒண்ணு உண்டா? என் பேரு ரொம்பச் சாதாரணமான பேரு, அதையே விட்டு வைக்கல. ஒண்ணு மட்டும் சொல்றேன், நட்சத்திரம் பாக்கறதைவிட இது முக்கியம். பேரை இனிஷியலோட சேத்து நாலு வாட்டி சத்தமாச் சொல்லிப் பாருங்க, ஊர்ல எட்டாங்கிளாஸ் படிக்கற பையன் ஒருத்தனைக் கூப்பிட்டு "இதுக்கு என்ன பட்டப்பேரு வைப்ப"னு கேளுங்க, நிமிசத்துல சொல்லிருவான். தாங்கற மாதிரி இருந்தா வைங்க.

கல்யாண வயசுல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பேரைக் கேட்டே ஓடிருவாங்கனு சொல்றாங்க?

ஓடட்டும். பொருத்தம் பாக்கறது நட்சத்திரம் ராசி வச்சுத்தான், ஜாதகம் இல்லாதவங்களுக்குத்தான் பேரோட மொத எழுத்தை வச்சு நாம நட்சத்திரம்னு ஒண்ணைப் பாப்பாங்க. பேருக்கே பயப்படற வீட்டுக்கு எங்க பொண்ணு எதுக்கு.

கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லாமப் போனா பேருனாலதான்னு சொல்வாங்களே?

சொன்னாங்க. பாப்பாவுக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரில சேத்தப்ப ஒரு சொந்தக்காரம்மா படுக்கைக்குப் பக்கத்துலயே நின்னுட்டு "இப்பவாச்சும் பேரை மாத்துங்க"னாங்க. அந்த நேரத்துல உங்களுக்கே ஒரு நிமிசம் தோணும், அது மனுச மனசு. அதே வார்டுல இருந்த கொழந்தைங்க பேரையெல்லாம் கட்டில்ல மாட்டியிருந்த அட்டைல பாத்தேன், லட்சுமி இருந்துச்சு, ஐஸ்வர்யா இருந்துச்சு, ஆயுஷ்னே ஒண்ணு இருந்துச்சு. அந்தம்மாவை நான் ஒண்ணும் சொல்லல, அத்தைதான் வெளிய கூட்டிட்டுப் போயி நல்லாக் கேட்டாங்களாம். தடுப்பூசி அட்டைய ஒழுங்காப் பாத்துப் போடுங்க, பேரு அதோட வேலையப் பாத்துக்கும்.

பேரு முடிவாகல, பர்த் சர்டிபிகேட்டுக்கு எவ்வளவு நாள் டைம் இருக்கு?

இதுக்காக வீட்டுல அவசரப்பட்டுச் சண்டை போட வேண்டாம். பொறந்ததை 21 நாளுக்குள்ள பதியோணும், ஆஸ்பத்திரில பொறந்தா அவங்களே தகவல் குடுத்துருவாங்க, பேரு இல்லாமயே பதியலாம். பேரைச் சேக்கறதுக்கு 12 மாசம் வரைக்கும் பைசா கெடையாது, அதுக்கப்பறம் 15 வருசம் வரைக்கும் 200 ரூபா லேட் பீஸ் கட்டிச் சேக்கலாம். ஆனா ரொம்பத் தள்ளிப் போடாதீங்க, 2023 அக்டோபர் 1க்கு அப்பறம் பொறந்த புள்ளைங்களுக்கு ஸ்கூல்ல சேக்கறதுல இருந்து எல்லாத்துக்கும் பர்த் சர்டிபிகேட்தான் ஆதாரம்னு சட்டமே மாத்திட்டாங்க. முக்கியமா, ஒருக்காப் பேரு ஏத்திட்டா அதை இஷ்டத்துக்கு மாத்தித் தர மாட்டாங்க, எழுத்துப் பிழை திருத்தறது வேற. அதனால வீட்டுல "இப்போதைக்கு ஒரு பேரு போட்டு வைங்க, பொறவு மாத்திக்கலாம்"னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க. வெறுமனே விட்டுட்டுக்கூட வரலாம், வேண்டாத பேரை ஏத்திட்டு வரக் கூடாது.

நாளைக்கு உங்க பொண்ணுக்கே இந்தப் பேரு பிடிக்கலைனா?

மாத்திக்கட்டும். எழுதுபொருள் அச்சுத் துறைல அப்ளிகேஷன் குடுத்தா கெஜட்ல பேரு மாத்தம் போடுவாங்க, அதை வச்சு ஆதார், பாஸ்போர்ட்னு ஒவ்வொண்ணா மாத்திக்கலாம். 18 வயசானா அவளே பண்ணிக்கலாம், எங்க கையெழுத்துக்கூட வேண்டாம். இப்போதைக்கு ஆத்தா அவளை அம்முணிங்கறாங்க, அத்தை கண்ணுங்கறாங்க, எங்க அண்ணன், தாய்மாமன் மொறைக்கு, "ஏய் மதுரை"ங்கறான். முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிடறது நானும் தடுப்பூசி போடற நர்ஸும் மட்டும்தான், அதுல ஒருத்தரைப் பாத்தா அவளுக்கு ஆகவே ஆகாது.